தாய்மாமன் மடி
பகுதி: குடும்பம், உறவுகள் (கடலூர், புதுச்சேரி)

கெடிலக்கரை அம்மா (ஞாயிறு, இரவு 10.20)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. இன்றைக்கு மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். தத்தெடுக்க 2019-இல் காராவில் (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிந்தோம். மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2022 டிசம்பரில் மகள் வீட்டுக்கு வந்தாள். அப்போது எட்டு மாதக் குழந்தை. இப்போது நான்கு முடிந்து ஐந்து நடக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் செல்லம். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, பாப்பாவுக்கென்று தினமும் ஒரு கண்ணி கூடவே அளந்து தருவார். வெளியாட்களால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் பிறந்த வீட்டில்.

மகளுக்கு இன்னும் காது குத்தவில்லை. வந்த புதிதில் பதினோராம் மாதம் குத்திவிடலாம் என்று பேசினோம். அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார். கடையில் ஆள் இல்லை, அண்ணி வழியில் ஒரு சாவு, தீட்டு, அப்புறம் ஆடி மாதம். மூன்றாம் வயதிலும் அப்படியே தள்ளிப் போனது. எனக்குப் புரியாத மாதிரியே நானும் இருந்துவிட்டேன். இந்தத் தடவை வைகாசியில் நாள் பார்த்து, பண்ருட்டிப் பக்கம் என் வீட்டுக்காரர் வழிக் குலதெய்வம் பச்சைவாழியம்மன் கோயிலில் பொங்கல் வைத்துக் குத்திவிடலாம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி போனை வாங்கினார்.

"மடியில உக்கார வெச்சா நாளைக்குச் சடங்கு, கல்யாணம் எல்லாத்துக்கும் சீர் செய்யணும். யார் பெத்ததோ என்னமோ, அதுக்கு இவரு எப்படி மாமனாவாரு?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று நினைத்தேன். ராத்திரி தூங்கப் போகும்போது, "மாமா மடி எனக்கு இல்லையாம்மா?" என்றாள்.

அவளுக்கு இரண்டரை வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் வளர்க்கிறோம். "இன்னொரு அம்மா வயித்துல இருந்து பொறந்த, நாங்க போய்க் கூட்டிட்டு வந்தோம்" என்கிற அளவுக்கு அவளுக்குத் தெரியும். ஆனால் மாமா மடிக்கு என்ன பதில் சொல்வது? பேசாமல் ஒரு நகைக்கடையில் குத்திக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். தன் தம்பி மடியிலேயே வைத்துக் குத்தலாம் என்கிறார் மாமியார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எனக்கு அண்ணன் இருக்கும்போது என் மகளுக்கு ஏன் மாமன் இல்லாமல் போக வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் டீச்சர் (ஞாயிறு, இரவு 10.55)

கண்ணு கலங்கிவிட்டது அம்மா. நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். "என் குடும்பம்" பாடம் வரும்போது குழந்தை பிறந்தபோது எடுத்த படம் கொண்டுவரச் சொல்வது எங்கள் வழக்கம். ஒரு வருஷம் ஒரு பையன் மட்டும் மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை. அவனிடம் கொண்டுவர அப்படி ஒரு படம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து "உனக்குப் பிடித்த ஒரு படம்" என்று மாற்றிவிட்டேன். பாப்பா பள்ளியில் சேர்ந்ததும் வகுப்பு ஆசிரியையிடம் நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்தால் எத்தனையோ இடத்தில் ஜாக்கிரதையாக இருப்போம்.

நெல்லிக்குப்பத்தான் (திங்கள், காலை 6.40)

சகோதரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னதுதான் தவறு என்று எனக்குப் படுகிறது. சொல்லியிருக்காவிட்டால் அண்ணி பேசியதன் அர்த்தம் குழந்தைக்கு விளங்கியிருக்காது, இல்லையா? பதினெட்டு வயது வரட்டும், புத்தி வளரட்டும், அப்போது சொல்லலாம். எங்கள் பெரியம்மா வீட்டில் எடுத்து வளர்த்த பையன் பத்தாம் வகுப்பில் விஷயம் தெரிந்ததும் பெற்ற தாயைத் தேடிப் போகிறேன் என்று வீட்டை விட்டே போய்விட்டான். இரண்டு வருஷம் பெரியம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முத்தியால்பேட்டை மகன் (திங்கள், காலை 11.10)

அக்கா, நான் தத்துப்பிள்ளை. 36 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வளர்ந்தேன். நெல்லிக்குப்பத்து அண்ணனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில், அப்பா இறந்த அன்றைக்குத் தெரிந்தது. குளிப்பாட்டி, மாலை போட்டு, எடுக்கப் போகும் நேரம். காரியம் செய்ய வந்தவர், "கொள்ளி போடற புள்ள யாரு, முன்னால வாங்க" என்றார். நான் ஓரடி எடுத்து வைத்தேன். பெரியப்பா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தன் மகனை முன்னே தள்ளினார். "ரத்தம்தான் போடணும்" என்றார். அப்பா போன துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பால்காரர் தரையைப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தெரு முழுக்கத் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

பெண்கள் நடுவே மாரடித்து அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். கொள்ளிச் சட்டியைப் பெரியப்பா மகன் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார். "என் வீட்டுக்காரருக்கு இவன்தான் புள்ள. வேற யார் போட்டாலும் பொணம் இந்த வாசலைத் தாண்டாது" என்றார். நான்தான் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, என்னைப் பெற்றது யார் என்று கேட்டேன். சித்தி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. தீபாவளிக்குத் தன் பிள்ளைகளுக்கு ஒன்றும் எனக்கு இரண்டுமாகச் சட்டை எடுத்து வருவாரே, அந்தச் சித்தி. நாலாவதாக நான் பிறந்தபோது, பிள்ளை இல்லாத அக்கா மடியில் போட்டுவிட்டாராம்.

பெரியப்பா அதோடு விடவில்லை. அப்பா பெயரில் இருந்த வீட்டுக்காக வாரிசுச் சான்று கேட்டபோது ஆட்சேபணை கொடுத்தார். நல்லவேளை, நான் பிறந்த வருஷமே அப்பா தத்துப் பத்திரம் எழுதிப் பதிந்து வைத்திருந்தார். பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. கொடுத்தவர்கள் இருவர், எடுத்தவர்கள் இருவர், நான்கு கையெழுத்து. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுத்தல் சட்டத்தில் 16-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அப்படிப் பதிந்த பத்திரம் இருந்தால், பொய் என்று யாராவது நிரூபிக்கிற வரைக்கும் தத்து செல்லும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வக்கீல் இதை எடுத்துச் சொன்னதும் பெரியப்பா அடங்கினார்.

ஆனால் நான் அடங்கவில்லை. மூன்று வருஷம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எடுத்து வளர்த்தார்கள் என்பதில் எனக்குத் துளிகூட வருத்தம் கிடையாது. பால்காரருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லையே என்றுதான். பழைய ஆல்பத்தைத் திறந்தால் ஒவ்வொரு படத்திலும் சித்தி எங்கே நிற்கிறார் என்று தேடுவேன். மொட்டை, காது குத்து, பள்ளி ஆண்டு விழா, எல்லாவற்றிலும் ஓரமாக நிற்பார், என்னைப் பார்த்துக்கொண்டு. அந்த மூன்று வருஷத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, ஒரு கண் பார்வை குறைந்தது. இன்றைக்கும் அவரை மருத்துவரிடம் கூட்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் அது என்னை உறுத்துகிறது.

பதினெட்டில் சொல்லலாம் என்கிறவர்கள், அதுவரை தெரு வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறார்கள். எங்கள் தெரு பத்தொன்பது வருஷம் மூடிக்கொண்டுதான் இருந்தது. திறந்தது அப்பா பிணத்துக்கு முன்னால். உங்கள் மகள் உங்கள் மடியில் படுத்துக்கொண்டு "மாமா மடி இல்லையா" என்று கேட்டாள். கேட்க ஓர் இடம் அவளுக்கு இருக்கிறது. எனக்கு அது இல்லை.

மஞ்சை ஓய்வூதியர் (திங்கள், மாலை 5.30)

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நான் குழந்தைகள் நலம் சம்பந்தப்பட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தத்துக்கு விண்ணப்பித்த வீடுகளுக்கு ஆய்வுக்குப் போயிருக்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது எல்லாம் சரியாக இருக்கும். கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது வீட்டுப் பெரியவர் பின்னாலேயே வந்து மெல்லக் கேட்பார்: "குழந்தை எந்த ஆளுங்க சார்?" சில வீட்டில் நிறம் கேட்பார்கள். நாம் வெளிப்படையாகப் பேசிவிடலாம். "யார் பெத்ததோ" என்று உங்கள் அண்ணி கேட்டது சாதியைத்தான். ரத்தம், வம்சம், பரம்பரை என்று எந்தச் சொல்லைப் போட்டாலும் உள்ளே இருப்பது அதுதான். உங்கள் அண்ணி மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே செத்துப்போன பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு நாம் பதில் தேடக் கூடாது. குழந்தை எந்த ஆளுங்க என்றால், உங்க ஆளுங்க. அதோடு முடிந்தது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். 2011-இல் அதை நம் கடலூர் மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலையோடு சேர்த்து. ஏன் தெரியுமா? அந்த வருஷத்துக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், ஆயிரம் ஆண் குழந்தைக்குப் பெண் குழந்தை 900-க்கும் கீழே போயிருந்தது. அந்தத் தொட்டில்களில் வந்து விழுந்த பெண் குழந்தைகள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. நம் ஊர், நம் தெரு, நம் மாதிரி வீடுகள். வேண்டாம் என்று போட்டதும் நாம்தான், எடுத்து வளர்த்தால் யார் பெத்தது என்று கேட்பதும் நாம்தான்.

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு பிள்ளையை எடுத்தால் நம் வயிறும் திறக்கும் என்று தத்து எடுக்க வருகிறவர்களும் உண்டு. அப்படி எடுத்த வீட்டில் பிறகு ஒன்று பிறந்துவிட்டால், முதல் குழந்தையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நேர்த்திக்கடன் மாதிரி ஒரு குழந்தையை எடுக்காதீர்கள். நான் போன வீடுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அலையோரம் (திங்கள், இரவு 9.15)

நான் கடலூர் பக்கம் ஒரு மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஆறு வயது. அம்மா, அப்பா, தம்பி மூன்று பேரும் போய்விட்டார்கள். பெரியம்மாதான் வளர்த்தார். பத்திரம், உத்தரவு ஒன்றும் கிடையாது. பள்ளிப் படிவத்தில் "பாதுகாவலர்" என்கிற கட்டத்தில் பெரியம்மா பெயர் இருக்கும்.

மேலே எழுதியதையெல்லாம் படித்த பிறகு ஒன்று தோன்றியது. என்னை யார் பிள்ளை என்று யாரும் கேட்டதே இல்லை. என் அம்மாவை ஊருக்கே தெரியும் என்பதால், பெரியம்மா வீட்டில் எனக்குக் கிடைத்த இடத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. என்னோடு அரசு இல்லத்தில் கொஞ்ச நாள் இருந்த ஒருத்தியை வெளியூர்க் குடும்பம் ஒன்று பிறகு எடுத்துக்கொண்டது. அங்கே அவளைக் கல்யாணம் காட்சிக்கு அழைத்துப் போகவே யோசித்தார்களாம். இருவருக்கும் அதே கடல்தான், அதே நாள்தான்.

ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் கடற்கரையில் பால் ஊற்றிப் பூப் போட ஊரே கூடும். யாராவது ஒருவர் என் மோவாயைத் தூக்கி, "அம்மா ஞாபகம் இருக்காடி" என்று கேட்டு அழுவார்கள். பக்கத்தில் பெரியம்மா நிற்பார். இருபது வருஷத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டவர், அந்த ஒரு நாள் மட்டும் யாரோ மாதிரி ஒதுங்கி நிற்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மா இங்க நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சந்தோஷமா, துக்கமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பாவம் பார்ப்பதும் ஒருவிதத்தில் தள்ளி வைப்பதுதான் அக்கா. பாப்பாவை யாராவது "பாவம், நல்ல இடம் கிடைச்சுது" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நெல்லிக்குப்பத்தான் (செவ்வாய், காலை 7.05)

முத்தியால்பேட்டைத் தம்பிக்கு: ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பையனுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை. மதிப்பெண் குறைந்ததற்குப் பெரியப்பா பெல்ட்டை எடுத்திருக்கிறார். அடிக்கும்போது, "எவனுக்கோ பொறந்தது எப்படிப் படிக்கும்" என்று சொல்லிவிட்டாராம். அதுதான் அவனுக்கு யாரும் சொன்ன முதல் தகவல்.

நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவன் தேடிப் போனதற்குக் காரணம் வேறு. சகோதரி, மன்னிக்கவும்.

வடலூர் ஆயா (செவ்வாய், மாலை 4.20)

என் பேரன் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவனே எழுதுகிறான்.

அம்மாடி, நீ அண்ணனைப் போனில் அழைத்தாயா? தாய்மாமனைப் போனில் அழைத்தால் எந்தத் தாய்மாமன் வருவான்? வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மஞ்சள், குங்குமம் வைத்துத் தட்டோடு நேரில் போக வேண்டும். புருஷனையும் கூட்டிக்கொண்டு போ. குழந்தைக்கு நல்ல பாவாடை கட்டிக் கூட்டிப் போ. தட்டை உன் கையால் கொடுக்காதே, குழந்தை கையால் கொடுக்கச் சொல். வாங்க மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், அவன் அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். உன் அண்ணியோடு மல்லுக்கு நிற்காதே. அவள் சீரைப் பற்றித்தானே பேசினாள்? உன் அண்ணன் இன்னும் வாயே திறக்கவில்லை. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டாயா?

நானும் என் மகன் பிள்ளை எடுக்கப் போகிறேன் என்றபோது ஆறு மாதம் அவனோடு பேசாமல் இருந்தவள்தான். அந்தப் பிள்ளைதான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.

கெடிலக்கரை அம்மா (ஞாயிறு, இரவு 9.50)

ஆயா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்று பாகூருக்குப் போய் வந்தோம். அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதும் தட்டை மகள் கையில் கொடுத்தேன். கனமான தட்டு, பிடிக்க முடியாமல் தள்ளாடிக்கொண்டே உள்ளே போனாள். வாழைப்பழம் ஒன்று கீழே விழுந்தது. அண்ணன் ஓடி வந்து தட்டைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு எப்படித் திருப்பிக் கொடுப்பது? அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி காபி போட்டுக் கொடுத்தார். அதிகம் பேசவில்லை. நான் அண்ணனைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போய், "மனசுல இருக்கறதச் சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "பயமா இருக்கும்மா. நாலு பேருக்கு முன்னால மடியில வெச்சுக் காது குத்துவேன், பாசம் வெப்பேன். நாளைக்குப் பெத்தவ வந்து என் புள்ளையக் குடுன்னு கேட்டா என்ன பண்ணுவ? எங்க கடைக்குப் பக்கத்துல ஒருத்தர் வீட்டுல அப்படித்தான் ஆச்சு, மூணு வருஷம் வளர்த்த புள்ளையத் தூக்கிட்டுப் போனாங்க. அந்த அம்மா இன்னும் எந்திரிக்கல." மூன்று வருஷமாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆடி மாதம், ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

யாரும் வர மாட்டார்கள் என்று சொன்னேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஓய்வூதியர் ஐயா, தயவுசெய்து விளக்கிச் சொல்லுங்கள். அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

மஞ்சை ஓய்வூதியர் (திங்கள், காலை 8.30)

அண்ணனிடம் நேரடியாகவே சொல்கிறேன்.

ஐயா, உங்கள் பயம் அர்த்தமில்லாத பயம் இல்லை. உங்கள் கடைக்குப் பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த நர்ஸ் மூலமாக, தரகர் மூலமாகக் கைக்குக் கை வாங்கி, வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு எடுத்து வருகிற குழந்தைகள் உண்டு. அங்கேதான் பெற்றவள் திரும்பி வந்து கேட்பது நடக்கும். அது சட்டப்படி தத்தே இல்லை. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி, முறைப்படி அல்லாமல் ஆதரவற்ற குழந்தையை எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை, 81-ஆம் பிரிவு, ஐந்து வருஷம் வரை. விற்றது மருத்துவமனை ஊழியர் என்றால் மூன்றுக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை போகும்.

உங்கள் தங்கை மகள் வந்த வழி வேறு. பெற்றவளே ஒப்படைத்த குழந்தை என்றால், குழந்தைகள் நலக் குழு முன்னால் எழுதிக் கொடுத்த பிறகும் மனம் மாற அந்தத் தாய்க்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் வந்தால் குழந்தை அவளுக்குத்தான். அது நியாயமும்கூட. யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை என்றால், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பெற்றவர்களைத் தேடுவார்கள். இதெல்லாம் முடிந்து, இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று குழு அறிவித்த பிறகுதான் உங்கள் தங்கையின் கணினியில் குழந்தையின் படமே வந்திருக்கும். அப்புறம் உத்தரவு. முன்பு நீதிமன்றம் கொடுத்தது, 2022 செப்டம்பர் 1-லிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். உங்கள் தங்கையிடம் இருப்பது அந்த உத்தரவுதான். அதன்படி அவள் எல்லா வகையிலும் இவர்கள் பெற்ற பிள்ளை, சொத்துரிமை உட்பட. பிறப்புச் சான்றில் அப்பா அம்மா பெயர் இவர்களுடையதுதான். மனம் மாறிவிட்டது என்று பெற்றவள் இனி வந்து கேட்க முடியாது. நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் ஏன் ஆகிறது என்று பலரும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதும் சேர்த்து 2024-25-இல் தத்து போனவர்கள் 4,500 சொச்சம்தான். காத்திருக்கும் பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். காத்திருக்க முடியாமல் தரகரிடம் போகிறவர்கள் கடைசியில் அண்ணன் சொன்ன அந்த அம்மா மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுத்தல் சட்டம் அங்கே ரெனோன்சான் குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் குடும்பங்களுக்குப் பொருந்தாது, அந்தச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 1881-ஆம் வருஷத்து ஆணைப்படி தாத்தா பாட்டன் அப்படிக் கையெழுத்துப் போட்ட குடும்பம் என்றால் பத்திரம் எழுதும் முன் விவரம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை மகன் (திங்கள், மதியம் 1.15)

அக்கா, ஒன்று மட்டும். ஒரு நோட்டுப் போடுங்கள். மகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த சின்ன விஷயம்கூட விடாமல் எழுதுங்கள். எந்த ஊர் மையம், முதலில் பார்த்தபோது என்ன சட்டை போட்டிருந்தாள், அங்கே பார்த்துக்கொண்ட ஆயா அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எல்லாம். பதினெட்டு ஆனதும் தன்னைப் பற்றிய விவரத்தை அவளே கேட்கலாம், விதியில் இடம் இருக்கிறது. பெற்றவள் தன்னைச் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் தர மாட்டார்கள். அப்போது மகளிடம் இருக்கப்போவது உங்கள் நோட்டு மட்டும்தான். அவள் கேட்கிற கேள்விகளையும் அதிலேயே எழுதுங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்குப் பெற்றவள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தாள். ஆனால் என் முதல் வருஷத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

கெடிலக்கரை அம்மா (வைகாசி, வெள்ளி இரவு 11.30)

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். இன்று காது குத்தினோம்.

ஓய்வூதியர் ஐயா எழுதியதை அண்ணன் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். உத்தரவைக் கையில் வாங்கி, ஆட்சியர் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். இன்று காலை ஏழு மணிக்கெல்லாம் கோயிலுக்கு வந்துவிட்டார். அண்ணி வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பாவாடையை அண்ணனே கடைக்குப் போய் எடுத்திருக்கிறார் போலிருக்கிறது, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. ஊக்கு குத்தி, மடித்துக் கட்டி உட்கார வைத்தோம்.

முதல் காதுக்கு அழவில்லை. இரண்டாவது காதுக்கு ஆசாரி கையை எடுத்ததுமே துள்ளினாள். அண்ணன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. குத்தி முடித்து, காப்பரிசி வாயில் போட்ட பிறகும் அவள் மடியை விட்டு இறங்கவில்லை. அப்படியே தூங்கிவிட்டாள். பந்தி நடந்து முடிகிற வரை அண்ணன் எழுந்திருக்காமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை நான்தான் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

ராத்திரி காது வலியில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதென்று தெரியாமல் மல்லாந்து படுத்துக்கொண்டு, "வயித்துல வெச்சிருந்த அம்மாவுக்கு நான் காது குத்தினது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது கண்ணு" என்றேன்.

"சொல்லணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அழுதேன்னு சொல்ல வேணாம்" என்றாள்.

நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.